பி.ஏ. பொருளாதாரம் முடித்து வெளிநாடு: 38 லட்சம் கடன் வாங்கலாமா?

மரவள்ளி (ஞாயிறு, இரவு 9:40)

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் ஆத்தூர் பக்கம். அப்பா சின்னதாக ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி நடத்துகிறார், கூடவே நாலு ஏக்கர் தோட்டம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

போன வாரம் அப்பாவும் நானும் ஐந்து ரோடு பக்கம் ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். பொருளாதாரத்தில் மேற்படிப்பு படிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர்கள் எடுத்துக் காட்டியது இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்சி., இன்டர்நேஷனல் பிசினஸ். "எல்லாம் ஒன்றுதான்மா, இது சீக்கிரம் கிடைக்கும்" என்றார்கள். ஃபீஸ், தங்கும் செலவு, விசா எல்லாம் சேர்த்து 38 லட்சம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா எதுவும் பேசவில்லை. வாழப்பாடி தாண்டிய பிறகு, "தோட்டத்துப் பத்திரத்தை பேங்கில் வைக்கலாம் பாப்பா" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

நான் படிக்க ஆசைப்படுவது பொருளாதாரம்தான், பிசினஸ் இல்லை. சேலத்தில் பி.ஏ. படித்தவர்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்வார்களா? எந்த நாடு? இவ்வளவு கடன் சரியா? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப், ஆனால் பிசினஸ் மேத்ஸ் எடுக்கவில்லை, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் எடுத்தேன். கணக்கைக் கடைசியாகத் தொட்டது பத்தாவதில்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு (ஞாயிறு, இரவு 10:15)

கண்ணு, அவசரப்பட்டு எங்கேயும் கையெழுத்துப் போடாதே. என் பையன் இதே மாதிரி ஒரு வருடப் படிப்புக்குத்தான் இங்கிலாந்து போனான். படிப்பை நன்றாகவே முடித்தான். ஆனால் படித்ததற்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை, ஒரு குடோனில் இரவு ஷிஃப்ட் பார்த்துத்தான் தவணை கட்டுகிறான். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவனைச் சேர்த்துவிட்டவர்கள் கமிஷன் வாங்கியதோடு சரி, அப்புறம் போனையே எடுக்கவில்லை. பட்டறையில் கொலுசுக்குக் கண்ணி ஊதிக்கொண்டே எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். என்ன படிப்பு, எதற்காக என்று நாங்கள் ஒரு நாள் உட்கார்ந்து பேசியிருந்தால் போதும். பணத்தை மட்டும்தான் பேசினோம்.

அம்மாபேட்டை பேங்க் (திங்கள், காலை 7:05)

வங்கியில் கல்விக் கடன் பிரிவில் இருந்தவன். கணக்கை மட்டும் சொல்கிறேன், முடிவு உங்கள் வீட்டில் எடுங்கள்.

பொதுவாக ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை கேட்க மாட்டார்கள், அதற்கு மேல் சொத்துப் பத்திரம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கிடையாது என்பார்கள். ஆனால் வட்டி முதல் நாளே ஓட ஆரம்பித்துவிடும். 38 லட்சம், 11 சதவீத வட்டி என்று வைப்போம். ஒரு வருடப் படிப்பு, ஒரு வருட அவகாசம். அந்த இரண்டு வருடத்துக்குத் தனி வட்டியே 8 லட்சத்து 36 ஆயிரம். தவணை தொடங்கும் நாளில் கடன் 46 லட்சத்தைத் தாண்டியிருக்கும். பத்து வருடத்தில் அடைப்பதாக இருந்தால் மாதம் சுமார் 64 ஆயிரம் ரூபாய். மொத்தம் கட்டி முடிப்பது 76 லட்சத்துக்கு மேல். இந்த 64 ஆயிரத்தை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டம்மா. "38 லட்சம்" என்று சொன்னால் அது ஒரு தொகை. "மாதம் 64 ஆயிரம், பத்து வருடம்" என்று சொன்னால் அது வாழ்க்கை.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால்: தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் வரை உதவித்தொகை உண்டு. கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். தெரியாமலேயே பலர் கடன் வாங்கிவிடுகிறார்கள்.

ரைன் கரையில் சேலத்தான் (திங்கள், பகல் 1:30)

தங்கச்சி, ஜெர்மனியில் எம்.எஸ்சி. பொருளாதாரம் படிக்கிறேன், மெய்யனூர் பையன். இங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு சிறு தொகை கட்ட வேண்டும், பல ஊர்களில் அதிலேயே பஸ், ரயில் பாஸும் அடங்கிவிடும். விதிவிலக்கு உண்டு. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டவரிடம் செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்குகிறார்கள். பொருளாதாரத்துக்குப் பெயர் போன மான்ஹைம் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. பான், மியூனிக்கின் எல்எம்யூ பல்கலைக்கழகங்கள் எல்லாம் அந்த மாநிலத்தில் இல்லை.

விசாவுக்கு 'பிளாக்டு அக்கவுண்ட்' காட்ட வேண்டும், அதாவது ஒரு வருடச் செலவை முன்பே போட்டு முடக்கி வைக்கும் கணக்கு. 2024 செப்டம்பரில் இருந்து அது 11,904 யூரோ. யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 12 லட்சம். இது ஃபீஸ் இல்லை, உன் பணம்தான். வந்து சேர்ந்ததும் மாதம் 992 யூரோ என்று உனக்கே திரும்பி வரும், அதில்தான் வாடகையும் சாப்பாடும். படிக்கும்போது வருடத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். படிப்பு முடிந்தால் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள்.

2022 நவம்பரில் இருந்து இந்தியாவில் படித்தவர்கள் ஏபிஎஸ் சான்றிதழ் (நம் மார்க் ஷீட், பட்டம் உண்மை என்று சரிபார்த்துத் தருவது) வாங்கியாக வேண்டும், கட்டணம் 18 ஆயிரம். அது வர நாளாகும், முதலிலேயே போட்டுவிடு. இதற்கெல்லாம் கன்சல்டன்சி தேவையே இல்லை. நானே போட்டேன், மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்தது பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில்.

இப்போது கஷ்டமான விஷயம். இங்கே உன் மார்க்கைவிட உன் பாடங்களைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கணிதம் இத்தனை கிரெடிட், புள்ளியியல் இத்தனை, பொருளாதார அளவியல் (எகனாமெட்ரிக்ஸ்) இத்தனை என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எழுதியே வைத்திருக்கும். அது குறைந்தால் 90 சதவீதம் வாங்கியிருந்தாலும் கதவு திறக்காது. நான் பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு வந்ததால் தப்பித்தேன். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், ஆனால் வேலை வேண்டும் என்றால் ஜெர்மன் மொழி பி1 அளவுக்காவது (நடுத்தர நிலை) வேண்டும். அதை ஊரில் இருக்கும்போதே ஆரம்பித்துவிடு. இங்கே வந்து முதல் செமஸ்டரில் படிக்கவே நேரம் போதாது.

மரவள்ளி (திங்கள், மாலை 6:20)

அண்ணா, ரொம்ப நன்றி. பேங்க் சார், நீங்கள் சொன்னபடி தாளில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்த வருடம் மூட்டை விலைக்கு இது ஆகாது" என்றார்.

கணிதம்தான் பயமாக இருக்கிறது. எங்கள் சிலபஸில் 'பொருளியலறிஞர்களுக்கான கணிதம்' ஒரு தாள், புள்ளியியல் ஒரு தாள். அவ்வளவுதான். பொருளாதாரத்துக்கு அவ்வளவு கணக்கு எதற்கு?

அஸ்தம்பட்டி அக்கா (செவ்வாய், காலை 5:50)

பாப்பா, உன் கேள்வியைப் படித்ததும் பத்து வருடம் பின்னால் போய்விட்டேன். நானும் சேலத்தில் பி.ஏ. பொருளாதாரம்தான். இப்போது அமெரிக்காவில் அதே பாடத்தில் பிஎச்.டி. முடிக்கும் நிலையில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

பி.ஏ.வில் நாம் சமநோக்கு வளைகோடு, அதாவது ஒரே அளவு திருப்தி தரும் பொருள் சேர்க்கைகளைக் காட்டும் கோடு, வரைவோம் இல்லையா? அதன் மேல் கையில் உள்ள பணத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்று காட்டும் விலைக்கோட்டை வரைந்து, இரண்டும் தொடும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, 'நுகர்வோர் சமநிலை' என்று எழுதி, அடியில் பென்சிலால் கோடு போட்டால் பத்து மதிப்பெண். இங்கே முதல் வாரம் பேராசிரியர் கேட்டது: அந்தப் புள்ளி இருக்கிறது என்று எப்படித் தெரியும்? வகுப்பில் யாரும் வரைபடம் போடவில்லை, எல்லாரும் நிரூபிக்க ஆரம்பித்தார்கள். வாங்கக்கூடிய பொருள்களின் தொகுப்பு மூடியதாக, எல்லைக்குட்பட்டதாக இருக்க வேண்டும். பயன்பாட்டுச் சார்பு (எதில் எவ்வளவு திருப்தி என்று சொல்லும் கணக்கு) தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் உச்சம் கட்டாயம் உண்டு. அடுத்து அவர் கேட்டார்: ஒரு பொருளின் விலை பூஜ்யம் ஆனால்? அப்போது அந்தத் தொகுப்புக்கு எல்லையே இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம், சமநிலைப் புள்ளியே இல்லாமல் போகலாம். மூன்று வருடம் நான் கோடு போட்டுக் காட்டிய அந்தப் புள்ளிக்கு அடியில் இவ்வளவு இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுகை வந்தது, ஆனால் அந்த வகுப்பை விட்டு எழுந்து போகவும் மனம் வரவில்லை.

எதற்குக் கணக்கு என்றால் இதற்குத்தான். சொல்லும் விஷயம் எந்த நிபந்தனையில் உண்மை, எப்போது உடையும் என்று பிரித்துச் சொல்ல வேறு மொழி இல்லை.

பிஎச்.டி. பற்றி நம் ஊரில் பலருக்குத் தெரியாத ஒன்று: அமெரிக்காவில் நல்ல பொருளாதாரத் துறைகளில் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் ஃபீஸ் கிடையாது. டீச்சிங் அசிஸ்டெண்டாக வேலை கொடுத்து மாதச் சம்பளமும் தருவார்கள். ஐந்தாறு வருடம் ஆகும். காசு கட்டிப் படிப்பது மாஸ்டர்ஸுக்குத்தான். ஆனால் சேர்க்கைக் குழு பார்ப்பது நேரியல் இயற்கணிதம், பல மாறி நுண்கணிதம், நிகழ்தகவு, ரியல் அனாலிசிஸ் (நுண்கணிதத்தின் அடிப்படைகளை நிரூபித்துப் படிப்பது), இவற்றில் நீ என்ன வாங்கியிருக்கிறாய் என்பதை. விண்ணப்பங்கள் டிசம்பரில் முடியும். ஒரு பல்கலைக்கழகத்துக்கு 75 முதல் 125 டாலர் வரை விண்ணப்பக் கட்டணம், அதனால் கண்டபடி பத்துப் பதினைந்துக்குப் போடாதே. மூன்று வருட பி.ஏ.வை மட்டும் வைத்து நேராகப் போவது கடினம், நடுவில் ஒரு எம்.ஏ. வேண்டும். நானும் இந்தியாவில் எம்.ஏ. முடித்துவிட்டுத்தான் வந்தேன்.

உனக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் கணித வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன, தேர்வு எழுதினால் மட்டும்தான் கட்டணம். முதலில் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணிதப் புத்தகத்தை எடு. தமிழ் வழிப் புத்தகமே போதும். வகைநுண்கணிதம், அணிகள் இரண்டையும் ஒவ்வொரு கணக்காகக் கையால் போடு. வீடியோ பார்த்தால் புரிந்த மாதிரி இருக்கும், நோட்டில் போட்டால்தான் தெரியும்.

ஓமலூர் வாத்தியார் (செவ்வாய், காலை 10:10)

முப்பது வருடம் பொருளாதாரம் நடத்தினேன். அந்தப் பெண் சொல்வது வலிக்கிறது, ஆனாலும் உண்மை. வரைபடத்துக்குக் கீழே பென்சிலால் கோடு போடச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

மரவள்ளி, உன் கல்லூரியிலேயே கணிதத் துறை இருக்கும். அந்த ஆசிரியரிடம் போய் ரியல் அனாலிசிஸ் வகுப்பில் உட்கார அனுமதி கேள். மறுக்க மாட்டார்கள், கேட்கத்தான் ஆள் வருவதில்லை. பரிந்துரைக் கடிதத்துக்கும் இதுதான் வழி. "நல்ல மாணவி, ஒழுக்கமானவர்" என்று எத்தனையோ பேருக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது யாருக்கும் பயன்பட்டிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. "தன் பாடமே இல்லாத என் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள், இந்தத் தேற்றத்தை இப்படி நிரூபித்துக் காட்டினாள்" என்று ஒரு கணித ஆசிரியர் எழுதினால் அதற்கு எடை உண்டு.

எம்.ஏ.வுக்குச் சென்னை கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது, 1993இல் தொடங்கியது. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், ஐஎஸ்ஐ (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்), மும்பையில் ஐஜிஐடிஆர் (இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்) எல்லாம் நுழைவுத் தேர்வு வழியாக. இவற்றில் படித்துவிட்டு வெளிநாட்டுக்குப் பிஎச்.டி. போகிறவர்கள் வருடா வருடம் உண்டு. தோட்டத்துப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும்.

நாலு ரோடு (செவ்வாய், மதியம் 3:00)

எல்லோரும் சேர்ந்து இங்கிலாந்தை இப்படி ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு வருட எம்.எஸ்சி. என்பது அங்கே நீண்ட காலப் பழக்கம் உள்ள படிப்பு. எல்எஸ்இ (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) 1895இல் தொடங்கியது, வார்விக், யுசிஎல் பல்கலைக்கழகங்கள் எல்லாம் பொருளாதாரத்தில் முதல் வரிசை. கெட்டது நாடு இல்லை. பெயர் தெரியாத ஒரு கோர்ஸை நம் தலையில் கட்டுவதுதான் கெட்டது. என் தங்கை அங்கே பொருளாதாரமே படித்தாள், வேலையும் கிடைத்தது. பெண் பிள்ளைகளுக்கு "எம்.ஏ., அப்புறம் பிஎச்.டி., எட்டு வருடம்" என்று சொன்னால் வீட்டில் எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள்? ஒரு வருடத்தில் முடித்துச் சம்பாதிப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதையும் யோசியுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். படிப்பு முடித்து அங்கேயே வேலை தேட இப்போது இரண்டு வருடம் தருகிறார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். நீ முடிக்கும்போது அந்தக் கணக்குத்தான்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு (செவ்வாய், மதியம் 3:40)

நீங்கள் சொல்வதும் சரிதான் தம்பி. என் பையன் படித்ததும் பெயர் தெரியாத கோர்ஸ்தான்.

ஏற்காடு காப்பி (செவ்வாய், இரவு 8:25)

நாகலூர்ப் பக்கம் எங்கள் வீடு, அப்பா எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறவர். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து ஏறுவார். நான் பி.ஏ. முடித்ததும் ஒரு ஆய்வுக்குக் கள வேலை செய்தேன். டேப்லெட்டை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க வேண்டும். "போன வாரம் கடையில் என்னென்ன வாங்கினீர்கள்?" என்று ஒரு பாட்டியிடம் கேட்டால், அவர் பேரன் கதையில் ஆரம்பித்து நாற்பது நிமிடம் கழித்து எண்ணெய்க்கு வருவார். ஆனால் அந்த வேலையில்தான் தரவு என்றால் என்னவென்று புரிந்தது. அப்புறம் ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொண்டு ரிசர்ச் அசிஸ்டெண்ட் ஆனேன்.

2019இல் நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ போன்றோர் நிறுவிய, வறுமை ஒழிப்புத் திட்டங்களை ஆராயும் ஜே-பால் அமைப்பின் தெற்காசியப் பிரிவு சென்னையில் ஐஎஃப்எம்ஆர் என்ற கல்வி நிறுவனத்துடன் இணைந்து தொடங்கியதுதான். அவர்களுடைய எம்ஐடி ஆன்லைன் மைக்ரோமாஸ்டர்ஸ் படிப்பு இருக்கிறது, பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம். தேர்வுக் கட்டணம் நம் வருமானத்தைப் பொறுத்து மாறும். நான் இரண்டு தாள் முடித்துவிட்டேன். மலையில் மழை நாளில் நெட் போய்விடும், அதற்காக ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வீடியோவை இறக்கி வைத்துக்கொள்வேன்.

தங்கச்சி, நீ எதை ஆராய ஆசைப்படுகிறாய்? அதை நீ இன்னும் சொல்லவே இல்லை.

மரவள்ளி (புதன், இரவு 10:30)

காப்பி அண்ணா, உங்கள் கேள்விக்கு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

சின்ன வயதில் இருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சு ஒன்றுதான், மூட்டை என்ன விலைக்குப் போனது. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) வாங்கும்போது மாவுச்சத்து பாயிண்ட் பார்த்து விவசாயிக்கு விலை போடுவோம். அரைத்து, திரித்து, வறுத்து, காயவைத்த ஜவ்வரிசியை 90 கிலோ மூட்டையாகக் கட்டி சேலத்தில் சேகோசர்வ் என்ற ஜவ்வரிசி உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அனுப்புவோம். அங்கே சாம்பிளைப் பார்த்து வியாபாரிகள் விலை போடுவார்கள். ஒருவர் போட்ட விலை இன்னொருவருக்குத் தெரியாது. யார் அதிகம் போட்டாரோ அவருக்கு. சரக்கு மகாராஷ்டிரா பக்கம் போகும், அங்கே விரதத்துக்கு ஜவ்வரிசிதான் சாப்பாடு. ஒரே சாம்பிள் மாதிரி தெரியும் இரண்டு லாட் ஒரே நாளில் வேறு வேறு விலைக்குப் போகும். அப்பா ஒவ்வொரு முறையும் கேட்பார், "இது ஏன் பாப்பா?" எனக்குப் பதில் தெரியாது. பி.ஏ. பொருளாதாரம் எடுத்ததே அதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. இது ஒரு ஆராய்ச்சிக் கேள்வியா, இல்லை வீட்டுக் கேள்வியா?

அஸ்தம்பட்டி அக்கா (வியாழன், காலை 6:05)

பாப்பா, இதைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன்!

நீ சொல்வது முத்திரையிட்ட முதல் விலை ஏலம். பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961இல் இதைப் பற்றித்தான் எழுதினார், 1996இல் நோபல். 2020இல் ராபர்ட் வில்சன், பால் மில்குரோம் இருவருக்கும் நோபல் கிடைத்ததும் ஏலக் கோட்பாட்டுக்காகத்தான். இப்படிப்பட்ட ஏலத்தில் யாரும் தன் மனதில் உள்ள முழு விலையைப் போட மாட்டார், கொஞ்சம் குறைத்துத்தான் போடுவார். எவ்வளவு குறைப்பார் என்பது எதிரே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவர் நினைப்பதைப் பொறுத்தது. ஆள் குறைந்தால் விலை அடி வாங்கும். இன்னொன்றும் உண்டு. சரக்கு மும்பையில் என்ன விலைக்குப் போகும் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, ஒவ்வொருவரும் ஒன்றை மதிப்பிடுகிறார்கள். மிக அதிகமாக மதிப்பிட்டவர் ஜெயிக்கிறார், ஜெயித்த பிறகு நஷ்டப்படுகிறார். அந்தப் பயத்தில் அனுபவசாலிகள் இன்னும் குறைத்துப் போடுவார்கள். உன் அப்பாவின் கேள்விக்கு இவை எல்லாம் பதிலின் துண்டுகள்.

கன்சல்டன்சி எழுதித் தரும் எஸ்ஓபி (ஏன் இதைப் படிக்க ஆசை என்று விண்ணப்பத்தில் எழுதும் கட்டுரை) எல்லாம் "சிறு வயது முதல் பொருளாதாரத்தில் ஆர்வம்" என்றே ஆரம்பிக்கும். நீ இப்போது எழுதிய பதிவை அப்படியே வைத்துக்கொள். வீட்டில் பழைய விலை விவரம் ஏதாவது இருக்கிறதா?

ரைன் கரையில் சேலத்தான் (வியாழன், பகல் 12:40)

விளையாட்டுக் கோட்பாட்டுக்காக 1994இல் நோபல் வாங்கிய ராய்ன்ஹார்ட் செல்டன் பான் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஏலம், சந்தை வடிவமைப்பு எல்லாம் ஜெர்மனியில் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். கணக்கைப் போட்டுக்கொண்டு வா தங்கச்சி, வாடகைக்கு அறை தேடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மரவள்ளி (சனி, இரவு 9:15)

கன்சல்டன்சியில் இருந்து மூன்று முறை போன் வந்தது. இப்போது வேண்டாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். கணிதத் துறை மேடத்தைப் பார்த்தேன். திங்கள், வியாழன் காலை முதல் பீரியட் வந்து உட்காரச் சொன்னார். "முதலில் தொடர்வரிசையும் எல்லையும் படித்துவிட்டு வா, இல்லை என்றால் ஒன்றும் புரியாது" என்றார். பிளஸ் ஒன் கணிதப் புத்தகம் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் வாங்கினேன்.

அக்கா, அப்பாவிடம் விலை விவரம் கேட்டேன். பரண் மேல் ஏறி ஒரு சாக்குப் பையை இறக்கினார். உள்ளே ஒன்பது நோட்டு, 2016இல் இருந்து. தேதி, லாட் நம்பர், மூட்டை எண்ணிக்கை, விலை, எடுத்த வியாபாரி பெயர். எல்லாம் அப்பா கையெழுத்து. சில பக்கத்தில் மாவு ஒட்டியிருக்கிறது. எக்செலில் ஏற்ற ஆரம்பித்திருக்கிறேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து புரியாத எழுத்தைப் படித்துச் சொல்கிறார்.

அஸ்தம்பட்டி அக்கா (ஞாயிறு, காலை 5:30)

ஒவ்வொரு லாட்டுக்கும் எத்தனை பேர் விலை போட்டார்கள் என்று அதில் இருக்கிறதா? வென்ற விலை மட்டும் இருந்தாலும் வேலை செய்யலாம், ஆனால் போட்டியிட்டவர்களின் எண்ணிக்கை தெரிய வேண்டும்.

மரவள்ளி (ஞாயிறு, காலை 7:50)

நோட்டில் இல்லை அக்கா. அப்பாவிடம் கேட்டேன். "செவ்வாய்க்கிழமை சரக்கோடு சேலம் போகிறேன், நீயும் வா, அங்கே கேட்போம்" என்கிறார்.